கடைசிகாலம் பற்றிய ஒரு இணையவழிப் படிப்பு: அட்டவணை அருமை, சிங்காசனத்தில் சறுக்கல்

கடைசிகாலம் பற்றிய இந்த இணையவழிப் படிப்பை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டேன். நடத்துகிறவர்கள் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது, அவர்களோ நல்ல மனதோடுதான் நடத்துகிறார்கள். அதோடு இதே மாதிரி படிப்புகள் இப்போது நிறைய வருகின்றன, எதில் சேர நினைத்தாலும் கீழே சொல்வது ஓரளவு பொருந்தும். காணொளிப் பாடங்கள், பிடிஎஃப் பாடக்குறிப்பு, ஒவ்வொரு பாடத்துக்கும் பின்னால் ஒரு சின்னத் தேர்வு, கடைசியில் கருத்து வேறுபாடுள்ள இரண்டு ஆசிரியர்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசும் ஒரு விவாதம். இவ்வளவுதான் சரக்கு.

நான் சேர்ந்தது ஒரே ஒரு கேள்விக்காக. பரிசுத்தவான்கள் உலகத்தை நியாயந்தீர்ப்பார்கள், தேவதூதர்களையும் நியாயந்தீர்ப்போம் என்று 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதுகிறாரே, அது எப்படி, எப்போது, யாரை? விளம்பரத்தில் இந்தக் கேள்விதான் பெரிய எழுத்தில் இருந்தது. உள்ளே போனால் முக்கால்வாசிப் பாடங்கள் வருகையின் வரிசையைப் பற்றியவை: இரகசிய வருகை (கிறிஸ்து வந்து விசுவாசிகளை எடுத்துக்கொள்வது) கடைசிகால உபத்திரவத்துக்கு முன்னாலா, நடுவிலா, பின்னாலா, அந்திக்கிறிஸ்து எப்போது வெளிப்படுவான், வெளிப்படுத்தல் புஸ்தகத்தின் முத்திரை எக்காளம் கலசம் என்ற தீர்ப்புகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றா அல்லது ஒன்றையே மூன்று முறை சொல்வதா, இப்படி. அதுவும் தேவைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது அதற்கு அல்ல.

சரி, நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வரலாற்றுப் பாடங்கள் அருமை. வெளிப்படுத்தல் 20 சொல்கிற, கிறிஸ்துவின் ஆயிரவருட அரசாட்சியைப் பற்றி முதல் நூற்றாண்டுகளிலேயே ஒரே கருத்து இருக்கவில்லை என்பதை ஆசிரியர் மறைக்காமல் சொல்கிறார். பாப்பியாஸ், ஜஸ்டின், இரேனியு போன்ற ஆதிச்சபை எழுத்தாளர்கள் பூமியில் நிஜமாகவே ஆயிரம் வருட ஆட்சி வரும் என்று நம்பினார்கள், ஆனால் அதே ஜஸ்டினே நல்ல விசுவாசிகளில் பலர் அப்படி நினைப்பதில்லை என்றும் எழுதிவைத்தார். அப்புறம் சபைப் பிதா அகஸ்டின் வருகிறார். ஒரு காலத்தில் தானும் அந்த ஆயிரவருட நம்பிக்கையில் இருந்ததாகச் சொல்லிவிட்டு, வெளிப்படுத்தல் 20ஐ வேறு விதமாக வாசிக்கிறார்: அந்த ஆயிரம் வருடம் சபையின் இந்தக் காலம், அங்கே சொல்லப்படும் சிங்காசனங்கள் இப்போது சபையை ஆளுகிற கண்காணிகளின் இருக்கைகள். மேற்கத்திய சபை ஏறக்குறைய ஆயிரம் வருடங்களுக்கு மேல் இந்தப் பாதையில்தான் நடந்தது. 1830களில் டார்பி என்ற போதகர் வழியாக இரகசிய வருகைப் போதனை பரவத் தொடங்கியதையும், 1909இல் ஸ்கோஃபீல்டின் குறிப்புரை வேதாகமம் அதை வீட்டுக்குவீடு கொண்டுபோனதையும் அவர் பதற்றமில்லாமல் சொல்கிறார், அவரே அந்தப் போதனையை ஏற்கிறவர் என்றாலும். தன் கட்சியின் பிறந்த தேதியைத் தானே சொல்கிற ஆசிரியர் அபூர்வம், அதற்காக ஒரு நட்சத்திரம் அதிகம் கொடுக்கலாம்.

தேதி குறித்தவர்களின் பாடமும் நன்றாக இருந்தது. 1844 அக்டோபர் 22இல் கிறிஸ்து வருவார் என்று நம்பி அமெரிக்கப் பிரசங்கியார் மில்லரின் கூட்டத்தார் காத்திருந்ததும், 2011 மே 21 என்று வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் அறிவித்ததும், அது பொய்த்தபின் அதே வருடம் அக்டோபருக்குத் தள்ளிப்போட்டதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. ஆசிரியர் இதைக் கேலிசெய்யாமல், ஏமாந்தவர்கள் அடுத்த நாள் காலையில் என்ன செய்தார்கள் என்பதையும் பேசுகிறார். மில்லரின் கூட்டத்திலிருந்து பிறந்த அட்வென்டிஸ்ட் சபையார், நியாயத்தீர்ப்பைப் பற்றி மற்றவர்களைவிட அதிக விரிவாக யோசித்தவர்கள் என்பது உண்மையில் சுவாரசியமான விஷயம். அவர்கள் போதனைப்படி ஆயிரம் வருடமும் பரிசுத்தவான்கள் இருப்பது பரலோகத்தில். பூமி பாழாய்க் கிடக்கும். அந்தக் காலத்தில் இரட்சிக்கப்பட்டவர்கள் இழந்துபோனவர்களின் பதிவுகளைத் திறந்து பார்ப்பார்கள், தேவன் செய்தது நியாயம் என்று தாங்களே கண்டுகொள்வார்கள். ஏற்கிறோமோ இல்லையோ, "நியாயந்தீர்ப்பது" என்றால் செயலளவில் என்ன என்று ஒரு பதில் அவர்களிடம் இருக்கிறது. இந்தப் படிப்பு இதை ஒரு நிமிடத்தில் தாண்டிப்போகிறது. இங்கேதான் எனக்கு முதல் எரிச்சல்.

அட்டவணை. இதைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பாடக்குறிப்பின் நடுவில் ஒரு நீளமான வரைபடம். தானியேல் 9இன் எழுபது வாரத்தில் கடைசி வாரம் ஏழு வருடமாக விரிந்து, அதற்கு முன்னால் சபை எடுத்துக்கொள்ளப்பட்டு, பின்னால் அர்மகெதோன், ஆயிரம் வருடம், கோகு மாகோகு, வெள்ளைச் சிங்காசனம், புதிய வானம் புதிய பூமி. அம்புக்குறி, நிறம், எல்லாம் துல்லியம். வசன ஆதாரம் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே இருக்கிறது, கைப்பேசியில் பெரிதாக்கினாலும் எழுத்து உடையவில்லை. இந்தக் கட்சியின் வாதத்தை இவ்வளவு தெளிவாக ஒரே பக்கத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் படிப்பின் பெயரே எல்லாக் கருத்துகளையும் சமமாகச் சொல்லித்தருவதாக இருக்கும்போது, ஆயிரவருடத்துக்குப் பின் வருகை என்று நம்புகிறவர்களுக்கும், ஆயிரவருடம் உருவகம் என்கிறவர்களுக்கும் ஏன் இப்படி ஒரு படம் இல்லை? ஜோனத்தன் எட்வர்ட்ஸ் போன்ற ஒரு பெரிய இறையியலாளர் நம்பிய, ஆயிரவருடத்துக்குப் பின் வருகை என்ற கருத்துக்கு பாதி பாடம்கூட ஒதுக்கவில்லை. முதல் உலகப்போருக்குப் பிறகு அதை யாரும் பெரிதாக நம்புவதில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். ஆதரவாளர் குறைந்ததால் ஒரு வாதம் தோற்றுவிடுமா என்ன?

தேர்வுகள் இன்னும் மோசம். "நியாயத்தீர்ப்புகள் எத்தனை?" என்று ஒரு கேள்வி. எல்லாரும் ஒரே நாளில் ஒரே நியாயாசனத்துக்கு முன்னால் நிற்பார்கள் என்று நம்புகிறவர்கள் ஒன்று என்பார்கள். ஸ்கோஃபீல்டின் வழியில் வந்தவர்கள் ஏழு வரை எண்ணுவார்கள். பாடத்தில் இரண்டையும் சொல்லிவிட்டு, தேர்வில் ஏழுக்கு மட்டும் பச்சை விளக்கு எரிகிறது. ஒன்று என்று போட்டால் சிவப்பு, கூடவே "பாடத்தை மறுபடி பார்க்கவும்". மறுபடி பார்த்தேன், பாடத்தில் இரண்டும்தான் இருக்கிறது. உதவிக்கு எழுதியதற்கு மரியாதையாகப் பதில் வந்தது, தேர்வு மாறவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், விசுவாசிகள் நியாயந்தீர்ப்பது பற்றிய அந்தப் பாடம். தலைப்பு நன்றாக இருந்தது, உட்கார்ந்து குறிப்பெடுக்கவே நோட்டோடு ஆரம்பித்தேன். தொடக்கமும் நன்றாகவே இருந்தது. பன்னிரண்டு சிங்காசனங்களைப் பற்றி மத்தேயு 19:28, ஜெயங்கொள்ளுகிறவனுக்கு ஜாதிகள்மேல் அதிகாரம் கொடுப்பேன் என்ற வெளிப்படுத்தல் 2:26, தானியேல் 7:22, யூதா நிருபத்தில் ஏனோக்கின் தீர்க்கதரிசனம், எல்லாம் வரிசையாக வருகின்றன. இது பவுல் திடீரென்று கண்டுபிடித்த எண்ணம் அல்ல, அன்றைய யூத உலகத்தில் ஏற்கெனவே இருந்தது என்று காட்ட, சாக்கடல் பக்கத்துக் குகைகளில் கிடைத்த கும்ரான் சுருள்களையும் எடுத்தார். ஆபகூக்குக்கு எழுதப்பட்ட ஒரு விளக்கச் சுருள், தேவன் தாம் தெரிந்துகொண்டவர்களின் கையினால் ஜாதிகளை நியாயந்தீர்ப்பார் என்கிறது. 1947இல் முதல் குகையில் கிடைத்தவற்றில் ஒன்று. இந்த இடத்தில் அவர் நிறுத்தி நிதானமாகச் சொன்னது எனக்குப் பிடித்தது.

அப்புறம் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு வந்தார், சறுக்கினார். விசுவாசிகள் அங்கே நிற்பது பரிசு வாங்க மட்டும்தான், அது விளையாட்டுப் போட்டியில் கிரீடம் கொடுக்கும் மேடை மாதிரி, அங்கே தண்டனை என்ற பேச்சே கிடையாது என்றார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் புதிய ஏற்பாட்டிலேயே பிலாத்து இயேசுவை விசாரித்தபோது உட்கார்ந்திருந்தது நியாயாசனத்தில், மத்தேயு 27:19. கொரிந்துவிலேயே பவுலை யூதர்கள் இழுத்துக்கொண்டு போய் நிறுத்தியதும் ரோம ஆளுநர் கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன்னால், அப்போஸ்தலர் 18:12. கல்லியோன் அந்த வழக்கை எடுக்கவே மறுத்து எல்லாரையும் துரத்திவிட்டான். கொரிந்துவின் சந்தைவெளியில் அந்த மேடையின் அடித்தளத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள், இன்றும் போய்ப் பார்க்கலாம். கொரிந்து சபையாருக்கு "நியாயாசனத்துக்கு முன்பாக" என்று எழுதினால் அவர்கள் மனதில் முதலில் ஓட்டப்பந்தயமா வந்திருக்கும்? ஊர் நடுவில் வழக்குத் தீர்க்கிற அந்தக் கல்மேடைதானே வந்திருக்கும். கிரீடமும் பந்தயமும் பவுல் வேறு இடங்களில் பேசுகிறார், மறுக்கவில்லை. ஆனால் 1 கொரிந்தியர் 3:15இல் ஒருவனுடைய வேலை வெந்துபோனால் நஷ்டமடைவான், தானோ அக்கினியிலகப்பட்டுத் தப்பினதுபோல இரட்சிக்கப்படுவான் என்று இருப்பதை என்ன செய்வது? ஆசிரியர் அந்த வசனத்தை வாசிக்கிறார், வாசித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறார். மற்றவர்களை நியாயந்தீர்க்கப்போகிறவர்கள் முதலில் தாங்கள் நிற்கப்போகிற இடத்தைப் பற்றி இவ்வளவு வேகம் கூடாது.

ஆறாம் அதிகாரத்தை அவர் கையாண்டது இதைவிடச் சங்கடம். இரண்டாம் மூன்றாம் வசனங்களைத் திரையில் போட்டு, "பாருங்கள், உங்களுக்கு எப்படிப்பட்ட பதவி காத்திருக்கிறது" என்று உற்சாகமாகப் பேசினார். பேசட்டும். ஆனால் பவுல் எதற்காக அதைச் சொல்கிறார்? கொரிந்து சபையில் ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டுக்கொண்டு வெளி நீதிமன்றத்துக்குப் போகிறார்கள், அதற்காக வெட்கப்படுத்தச் சொல்கிறார். உலகத்தையே நியாயந்தீர்க்கப்போகிற நீங்கள் இந்த அற்ப வழக்கைக்கூட உங்களுக்குள் தீர்த்துக்கொள்ளத் தகுதியில்லாதவர்களா என்பதுதான் கேள்வி. நாலு வசனம் தாண்டி 6:7இல் இன்னும் ஒரு படி கீழே இறங்குகிறார்: ஏன் அநியாயத்தைச் சகித்துக்கொள்ளக்கூடாது, ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளக்கூடாது? தேவதூதர்களை நியாயந்தீர்க்கப்போகிறவனிடம் இன்றைக்குக் கேட்பது, உன் பணம் போனாலும் பரவாயில்லை, விட்டுக்கொடு என்பது. அந்தப் பெரிய பதவி பவுலின் கையில் ஒரு சாட்டை, கொரிந்தியரின் கர்வத்தைத் தட்டிவிடுவதற்காக எடுத்தது. இந்தப் படிப்பு அந்தச் சாட்டையைப் பொன்னாடையாக மடித்துத் தோளில் போட்டுவிடுகிறது.

இன்னொன்று, அதே நிருபத்தில் ஒரு பக்கம் முன்னால் போனால் 5:12 இருக்கிறது. புறம்பே இருக்கிறவர்களைத் தீர்ப்புச்செய்வது என் காரியமா, அவர்களைத் தேவன் பார்த்துக்கொள்வார் என்பதுதான் அதன் சாரம். அதற்கு முன்னால் 4:5இல் கர்த்தர் வருமளவும் காலத்துக்குமுன்னே எதைக்குறித்தும் தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்கிறார். ஆக மூன்று அதிகாரத்துக்குள் காத்திரு, வெளியே இருப்பவர்களை விடு, உள்ளே உள்ள சின்ன வழக்கைத் தீர்த்துக்கொள், உலகத்தை நியாயந்தீர்ப்பது பிற்பாடு வரும் என்று நாலும் இருக்கிறது. நாலையும் சேர்த்து வாசித்தால் ஒரு படம் வருகிறது, நாலாவதை மட்டும் பிடுங்கி வாசித்தால் முற்றிலும் வேறொரு படம் வருகிறது. பாடத்தில் 4:5உம் 5:12உம் ஒரு தடவைகூட வரவில்லை. பாடக்குறிப்பில் தேடியும் பார்த்தேன், இல்லை.

பழைய விளக்கங்களையாவது சொல்லியிருக்கலாம். நாலாம் நூற்றாண்டுப் பிரசங்கியார் கிறிசோஸ்தம் இந்த வசனத்தைப் பிரசங்கித்தபோது, பரிசுத்தவான்கள் உட்கார்ந்து விசாரணை நடத்துவார்கள் என்று அர்த்தமில்லை, அவர்களுடைய விசுவாசமே மற்றவர்களைக் குற்றப்படுத்தும் என்றார். நினிவேயின் மனுஷர் எழுந்து இந்தச் சந்ததியைக் குற்றப்படுத்துவார்கள், தென்தேசத்து ராஜஸ்திரீயும் அப்படியே என்று இயேசு சொன்ன மாதிரி. தேவதூதர்கள் என்று சொல்வது பிசாசின் தூதர்களை என்பதும் அவர் விளக்கம். மறுபக்கம் 1640களில் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் சீர்திருத்த சபையார் எழுதிய பெரிய வினாவிடை, 90ஆம் கேள்விக்கான பதிலில், நீதிமான்கள் முதலில் கிறிஸ்துவின் வலதுபக்கத்தில் நிறுத்தப்பட்டு வெளிப்படையாக விடுவிக்கப்படுவார்கள், அதற்குப் பின்பே கெட்டுப்போன தூதரையும் மனிதரையும் நியாயந்தீர்ப்பதில் அவரோடு சேர்ந்துகொள்வார்கள் என்கிறது. அந்த வரிசை எனக்கு முக்கியமாகப் படுகிறது: முதலில் விடுதலை பெற்றவன், அப்புறம்தான் கூட உட்காருகிறவன். இப்படி மூன்று நாலு விளக்கங்களை மேசையில் வைத்து, எதற்கு எது பலம் எது பலவீனம் என்று பேசியிருந்தால் அந்த ஒரு பாடத்துக்காகவே இந்தப் படிப்பை எல்லாரிடமும் சொல்லியிருப்பேன்.

கடைசி விவாதம்தான் மொத்தத்தில் சிறந்த பகுதி. ஒருவர் ஆயிரவருடத்துக்கு முன் வருகை என்பவர், இன்னொருவர் ஆயிரவருடம் இப்போதே நடக்கிறது என்பவர். முதலாமவர் வெளிப்படுத்தல் 20இல் ஆறு தடவை "ஆயிரம் வருஷம்" வருவதையும், 19இல் கிறிஸ்து குதிரையில் வந்தபிறகே 20 தொடங்குவதையும் பிடித்துக்கொள்கிறார். இரண்டாமவர், அந்தப் புஸ்தகம் நேர்க்கோட்டில் போவதில்லை, 11:18லேயே மரித்தோர் நியாயத்தீர்ப்படையும் காலம் வந்துவிடுகிறது, அப்புறம் மறுபடி முதலிலிருந்து சுற்றுகிறது என்கிறார். கூடவே யோவான் 5:28-29, ஒரே வேளையில் நன்மை செய்தவர்களும் தீமை செய்தவர்களும் எழுந்து வருகிறார்கள், நடுவில் ஆயிரம் வருட இடைவெளி எங்கே? பிசாசு இப்போது கட்டப்பட்டிருக்கிறான் என்றால் கெர்ச்சிக்கிற சிங்கம்போல் சுற்றித்திரிகிறவன் யார் என்று முதலாமவர் திருப்பிக் கேட்டதும், கட்டப்பட்டது ஜாதிகளை மோசம்போக்காதபடிக்கு மட்டும், 20:3ஐ வாசியுங்கள் என்று இவர் பதில் சொன்னதும் நல்ல ஆட்டம். குரல் உயரவில்லை. ஒருவர் பேசும்போது மற்றவர் தலையாட்டிச் சிரிக்கவில்லை. இணையத்தில் இதுவே பெரிய விஷயம்.

கேள்வி நேரத்தில் ஒருவர் எழுதியனுப்பியதை நடத்துநர் வாசித்தார். அப்பா விசுவாசத்துக்கு வராமலே இறந்துவிட்டார், அந்த நாளில் அவரை நானா நியாயந்தீர்க்க வேண்டும்? முழுப் படிப்பிலும் இதைவிட முக்கியமான கேள்வி வரவில்லை. முதலாமவர், அப்போது நமக்கு இந்தப் பூமிக்குரிய உறவு உணர்வெல்லாம் இருக்காது, கவலைப்படாதீர்கள் என்றார். இரண்டாமவர், தீர்ப்பு கிறிஸ்துவுடையது, நாம் அதற்கு ஆமென் சொல்வோம், அவ்வளவுதான் என்றார். உடனே அடுத்த கேள்வி, முத்திரை பற்றி.

இரண்டாமவர் சொன்னது முதலாமவர் சொன்னதைவிட நேர்மை. ஆனாலும் இரண்டுமே போதாது. வேதத்தில் நியாயத்தீர்ப்பைப் பற்றித் தேவனிடம் பேசினவர்கள் எப்படிப் பேசினார்கள் என்று பார்த்திருக்கலாமே. சோதோமுக்காக ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்து வரை இறங்கி இறங்கிப் பேரம் பேசினான், சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ என்று முகத்துக்கு நேரே கேட்டான். பவுல் ரோமர் 9இல் தன் இனத்தாருக்காகத் தானே சபிக்கப்பட்டவனாகவும் சம்மதம் என்கிறார், அந்த இருதயத்தோடுதான் அவரும் அந்தச் சிங்காசனத்தருகில் போவார். உறவு உணர்வு அற்றுப்போன ஆட்களைத் தேவன் நியாயாதிபதிகளாக உட்காரவைக்கிறார் என்றால், அந்த உணர்வை இவ்வளவு நாள் வளர்த்துவிட்டவரும் அவர்தானே. வெளிப்படுத்தல் 6:10இல் பலிபீடத்தின் கீழிருந்து, எதுவரைக்கும் பழிவாங்காதிருப்பீர் என்று கதறுகிறவர்கள் கொலைசெய்யப்பட்டவர்கள். 20:4இல் பெயரிட்டுச் சொல்லப்படுகிறவர்கள் சிரச்சேதம் பண்ணப்பட்டவர்கள். தானியேல் 7இலும் மிருகத்தின் காலடியில் நசுங்கினவர்களுக்குத்தான் அந்த நாள் வருகிறது. வேதம் அந்த இருக்கையைக் கைகாட்டும்போதெல்லாம் அடிபட்டவர்களைத்தான் கைகாட்டுகிறது. இதை யாராவது அந்தக் கேள்வி கேட்டவருக்குச் சொல்லியிருக்கலாம். உங்கள் அப்பாவுக்கு எதிராக உங்களை உட்காரவைப்பது அல்ல இது, மிதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் கிடைப்பது என்று. பதில் முழுமையாகாது என்பது தெரியும், ஆனாலும் கேட்டவர் அந்த இரவு கொஞ்சம் தூங்கியிருப்பார்.

விவாதத்துக்கு முந்திய பாடத்தில் ஒரு விஷயத்தைத் தொட்டார்கள், தொட்டுவிட்டு விட்டுவிட்டார்கள். அந்தச் சிங்காசனத்தை முன்கூட்டியே இழுத்துப்போட்டு உட்கார்ந்தவர்களின் கதை. ஜெர்மானியப் பிரசங்கியார் தாமஸ் முன்ட்சர் 1524இல் பிரபுக்களுக்கு முன்னால் தானியேலை எடுத்துப் பிரசங்கித்தார், அறுப்புக்காலம் வந்துவிட்டது, தேவபக்தியற்றவர்களைத் தெரிந்துகொள்ளப்பட்டவர்கள் களையவேண்டும் என்றார். அடுத்த வருடம் மே மாதம் ஃபிராங்கன்ஹவுசனில் அவரோடு கிளர்ந்தெழுந்த ஆயிரக்கணக்கான விவசாயிகள் வெட்டப்பட்டார்கள், அவர் தலையும் போனது. அதோடு நிற்கவில்லை. 1534இல் ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரம், பெரியவர்களான பின் மறுபடி ஞானஸ்நானம் வாங்கவேண்டும் என்றவர்கள் கையில் வந்தது. மறுஞானஸ்நானம் வாங்காதவர்களைக் குளிரில் ஊரைவிட்டுத் துரத்தினார்கள். அந்த வருடம் ஈஸ்டரில் முடிவு வரும் என்று அவர்கள் தலைவர் யான் மத்தைஸ் சொன்னார், ஈஸ்டரன்று சில பேரோடு முற்றுகைப் படையை நோக்கி வெளியே போனார், கொல்லப்பட்டார். அப்புறம் லைடனைச் சேர்ந்த யான் தன்னை ராஜாவாக அறிவித்துக்கொண்டார். 1535 ஜூனில் நகரம் விழுந்தது. தலைவர்களின் உடல்களைத் தொங்கவிட்ட இரும்புக் கூண்டுகள் லம்பர்ட் தேவாலயக் கோபுரத்தில் இன்றும் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1661 ஜனவரியில் தானியேல் சொல்லும் கடைசி ராஜ்யம், அதாவது கிறிஸ்துவின் ராஜ்யம், உடனே வரும் என்று நம்பிய ஐந்தாம் ராஜ்யத்தார் தாமஸ் வென்னரின் தலைமையில் லண்டன் தெருக்களில் வாளெடுத்ததும் இதே தானியேலை வைத்துத்தான்.

இதைக் கொஞ்சம் விரித்திருந்தால், மற்ற சபைகள் ஏன் அவ்வளவு எச்சரிக்கையாக எழுதின என்பதும் புரிந்திருக்கும். ஃபிராங்கன்ஹவுசனுக்கு ஐந்து வருடம் கழித்து, 1530இல் வந்த லூத்தரன் சபையின் ஆக்ஸ்பர்க் அறிக்கையின் 17ஆம் பிரிவு, உயிர்த்தெழுதலுக்கு முன்னே பக்திமான்கள் உலக ராஜ்யத்தைப் பிடிப்பார்கள் என்ற போதனையைக் கண்டிக்கிறது. கத்தோலிக்கச் சபை 1944இல், மிதமான ஆயிரவருடப் போதனையைக்கூடப் பாதுகாப்பாகப் போதிக்க முடியாது என்றது. இதை வெறும் விசுவாசக்குறைவு என்று ஆசிரியர் சொல்லிக் கடந்துபோவது நியாயமில்லை, அந்தக் கோபுரத்துக் கூண்டுகளைப் பார்த்தபின் யாருக்குத்தான் கை நடுங்காது? ஆயிரவருடத்தை நேரடியாக நம்புகிற எல்லாரும் வாளெடுப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் பொறுமையாகக் காத்திருக்கிறவர்கள், அவர்கள் இறையியலே அதைத்தான் கேட்கிறது, ராஜா வந்தபின்புதான் ராஜ்யம். ஆனால் அந்தக் காத்திருப்பு எவ்வளவு முக்கியமான பூட்டு என்பதைப் படிக்க வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஆசிரியரின் வேலை.

சின்னச் சின்ன விஷயங்கள். ஒலித்தரம் நன்று. பாடங்களை இறக்கி வைத்துக்கொள்ள முடிகிறது, வேகத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடிகிறது. பாடக்குறிப்பில் சில வசன எண்கள் தப்பாக இருக்கின்றன, வேதாகமத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வாசியுங்கள். கலந்துரையாடல் குழுவில் சேர்த்துவிடுகிறார்கள், அதன் அறிவிப்புச் சத்தத்தை முதல் நாளே நிறுத்திவிடுவது நல்லது. அங்கே பாதிப்பேர் பாடத்தைப் பேசுவதில்லை, இன்றைய எந்தத் தலைவர் எந்த மிருகத்தின் எந்தக் கொம்பு என்றுதான் பேச்சு. நடத்துநர் அவ்வப்போது வந்து அடக்குகிறார், பாவம்.

யார் சேரலாம்? இரகசிய வருகைப் போதனையை மட்டுமே கேட்டு வளர்ந்து, மற்றவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்று முதன்முறை தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாகச் சேரலாம், வரலாற்றுப் பாடங்களுக்கும் கடைசி விவாதத்துக்கும் கொடுத்தது தகும். ஐந்துக்கு மூன்று. விசுவாசிகள் நியாயந்தீர்ப்பதைப் பற்றிப் படிக்க என்னைப் போல வருகிறவர்கள், அந்த ஒரு பாடத்தை ஓடவிடுவதற்கு முன்னால் 1 கொரிந்தியர் 4 முதல் 6 வரை ஒரே மூச்சில் வாசித்துவிட்டு உட்காருங்கள், ஆசிரியர் எந்த எந்த இடத்தில் தாண்டுகிறார் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் பகுதி வரப்போகிறதாம், முன்னோட்டத்தில் புதிய எருசலேமின் அளவுகள் பற்றி ஒரு பெரிய வரைபடம் காட்டினார்கள். நான் இப்போதைக்குச் சேரவில்லை, தேர்வில் அந்த ஏழாம் எண்ணைச் சரிசெய்தால் யோசிக்கலாம்.